சந்திக்குச் சந்தி ஒரு பெயர்ப்பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையகச் சுற்றுலாவைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நுவரெலியா, எல்ல, ஹோட்டன் சமவெளி என்று வழக்கமான இடங்களைச் சொல்லிவிட்டு, இன்னும் என்ன செய்யலாம் என்ற கேள்வியோடு கட்டுரை முடிந்திருந்தது. அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆறு நாள் சைக்கிள் மிதித்துக் கண்ட பதில்: சைக்கிளில் வருகிறவருக்கு, இருக்கிற பாதைகளில் சந்திக்குச் சந்தி ஒரு பெயர்ப்பலகை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டிக்கோயாப் பக்கம் 36 வருஷம் தபால் கொண்டுபோனவன். 2020இல் ஓய்வு பெற்றேன். சிவப்புச் சைக்கிளை ஒப்படைத்ததோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டோடு பெற்றோல் வரிசை வந்தது. ஹட்டனுக்குப் போய் பிரஷர் மாத்திரை வாங்கிவரக்கூட முச்சக்கர வண்டி கிடைக்காத நாட்கள் அவை. கியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்து வரிசைகள் கலைந்த பிறகும் நான் அதை விடவில்லை.

2019இல் சுவிட்சர்லாந்தில் இருக்கும் மகளிடம் போயிருந்தேன். மருமகன் என்னை போடன்சே ஏரிக்குக் கூட்டிப்போனார். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்ற மூன்று நாடுகளுக்கும் அதில் கரை உண்டு. ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 260 கிலோமீற்றர் சைக்கிள் பாதை. நாலு நாளில் சுற்றினோம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவது, டிக்கோயாவிலிருந்து நோர்வூட்டுக்குப் போவது மாதிரி இருந்தது. கால் வலித்தால் சைக்கிளோடு படகில் ஏறிக்கொள்ளலாம். ஆனால் என் மனதில் தங்கியது ஏரியோ படகோ இல்லை. பாதை பிரியும் இடங்களில் நின்ற சின்னச் சின்னப் பலகைகள்தான். ஜெர்மனிப் பக்கம், சைக்கிளில் போகும் ஒரு ஆளின் படம், பின்சக்கரம் மட்டும் நீலம். அடுத்த ஊரின் பெயர், எத்தனை கிலோமீற்றர், அவ்வளவுதான். ஜெர்மன் மொழியில் ஒரு எழுத்துத் தெரியாத நான், யாரிடமும் வழி கேட்காமல் சுற்றி வந்தேன். தபால்காரன் என்பதால் எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. பெயர் எழுதாத இடத்துக்குக் கடிதம் கொண்டுபோய்ப் பழகியவன் நான்.

அன்றிலிருந்து ஒரு எண்ணம். நம் பக்கமும் ஏரிகள் இருக்கின்றன, மின்சாரத்துக்காக அணை கட்டியதால் வந்த ஏரிகள். எல்லைகளும் இருக்கின்றன. மத்திய மாகாணம், சப்ரகமுவ, ஊவா மூன்றும் இந்த மலைகளில்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. 2024 பெப்ரவரியில் தம்பி மகன் கொழும்பிலிருந்து ஒரு வார லீவில் வந்தான். அவனும் பெற்றோல் காலத்தில் சைக்கிள் வாங்கியவன். "போவோமா பெரியப்பா?" என்று கேட்டான். கிளம்பிவிட்டோம்.

முதல் நாள் ஹட்டனிலிருந்து டிக்கோயா, காசல்ரீ, நோர்வூட் வழியாக மஸ்கெலியா. காசல்ரீயை எங்கள் ஆட்கள் டேம் என்றுதான் சொல்வார்கள். கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டி முடித்தது. பாதை தண்ணீரை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. காலை ஏழு மணிக்கு மேற்பரப்பில் ஆவி எழும். 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம் கரை மேட்டில் நிற்கும். எதிர்க்கரையில் கொழுந்து எடுப்பவர்களின் பேச்சு தண்ணீரைத் தாண்டி இந்தப் பக்கம் கேட்கும். பஸ்ஸில் போகிறவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. நடந்தால் ஒரு நாள் முழுக்க ஆகும். சைக்கிளின் வேகம்தான் இந்தக் கரைக்குப் பொருத்தம்.

மவுசாகலையில் கொஞ்சம் நிற்க வேண்டும். மஸ்கெலி ஓயாவில் அந்த அணை 1969இல் முடிந்தபோது எனக்கு ஒன்பது வயது. பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. அதற்கு முந்திய வருஷம் அப்பா என்னை அந்த பஜாருக்குக் கூட்டிப்போய் சிலேட் ஒன்று வாங்கித் தந்தார். கடையின் வாசற்படி மூன்று படி உயரம். படியில் உட்கார்ந்து பணிஸ் தின்றேன். கடும் வறட்சி வந்து நீர்மட்டம் இறங்கும் வருஷங்களில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்குள்ளிருந்து வெளியே வரும். சனம் போய்க் கும்பிட்டுவிட்டு வரும். நாங்கள் போன நேரம் தண்ணீர் பாதிதான் இறங்கியிருந்தது. கரையில் செம்மண் வளையம் மட்டும் தெரிந்தது. "எந்த இடம் பெரியப்பா?" என்று தம்பி மகன் கேட்டான். கையை நீட்டிக் காட்டினேன். அவன் பார்த்தது தண்ணீரை. அந்த இடத்தில் 'இங்கே ஒரு ஊர் இருந்தது' என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை இருந்திருந்தால், நான் கையை நீட்டத் தேவையில்லை. நான் இல்லாத காலத்திலும் அவன் தன் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அன்றிரவு தங்கை வீட்டில் தங்கினோம். மறுநாள் விடிய முன்னரே நல்லதண்ணிப் பாதையில் ஏரியை ஒட்டிப் போனோம். சிவனொளிபாதமலைப் பருவம் என்பதால் இரவெல்லாம் பஸ் ஓடியிருந்தது. திருப்பங்களில் ஹோன் அடிக்காமல் வந்த வான் ஒன்று எங்களைப் பாதையோரக் கானுக்குள் தள்ளப் பார்த்தது. மார்கழிப் போயா தொடங்கி வெசாக் வரை அந்தப் பாதையில் சைக்கிளுக்கு உகந்த நேரம் காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் வரை என்பது என் கணிப்பு. மலைச் சிகரம் 2243 மீற்றர். ஏரியில் அதன் முக்கோணப் பிம்பம் விழுந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டே தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டோம்.

பொகவந்தலாவையில்தான் வழி தவறியது. அங்கே புனித மரியாள் தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகைப்படக் கலைஞரின் கல்லறை இருக்கிறது. 1879இல் இறந்தவர். இன்றும் அதைத் தேடி வெளிநாட்டார் வருகிறார்கள். கல்லில் பெயர் இருப்பதால் தேடி வர முடிகிறது. அதைச் சுற்றியுள்ள மலைகளில் தேயிலைக்கு அடியில் கிடக்கும் எங்கள் பாட்டன் பாட்டிகளுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அந்தக் கல்லறை முன்னால் நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

சரி, வழி தவறிய கதைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காலையில் பலாங்கொடைப் பாதையில் ஏறி, மத்திய மாகாணம் முடிந்து சப்ரகமுவ தொடங்கும் இடம் வரை போய்த் திரும்புவது எங்கள் திட்டம். மேலே ஏற ஏற மூடுபனி. ஒரு இடத்தில் பாதை மூன்றாகப் பிரிந்தது. பலகை கிடையாது. கைத்தொலைபேசியில் சிக்னலும் கிடையாது. இடதுபக்கம் போனோம். ஒரு மணி நேரம் ஏறிய பிறகு அது ஒரு ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, வாசலில் போய் முடிந்தது. திரும்பி வரும்போது கொழுந்துக் கூடையோடு ஒரு அம்மா வந்தார். வழி கேட்டேன்.

"அண்ணே, நீங்க மேக்கணக்குக்கு வந்துட்டீங்க. பிள்ளை மடுவம் தாண்டி மாரியம்மன் கோயில் திருப்பத்துல எறங்குங்க. பீலி ஒண்ணு வரும். அதுக்குப் பக்கத்துல ரெண்டு சவுக்கு நிக்கும். அந்தப் பாதைதான்."

மேக்கணக்கு என்றால் தோட்டத்தின் மேல் பிரிவு, பிள்ளை மடுவம் என்றால் பிள்ளைக் காப்பகம், பீலி என்றால் தண்ணீர் விழும் குழாய். தொலைபேசி வரைபடத்தில் வெறும் பச்சையாக இருந்த இடத்தை அந்த அம்மா அரை நிமிஷத்தில் எழுதிக் காட்டினார். பிள்ளை மடுவம், கோயில் திருப்பம், பீலி, சவுக்கு. ஒவ்வொரு சந்திக்கும் பெயர் இருக்கிறது, சனத்தின் வாயில் இருக்கிறது. பலகையில் மட்டும் இல்லை. நாங்கள் சரியான பாதைக்கு வந்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது. எல்லையைத் தொடாமலே திரும்பினோம். இதே மலைகளில் பிறந்து, 36 வருஷம் முகவரி தேடிய எனக்கே இப்படி என்றால், வெளியூரிலிருந்து வருகிற ஒரு பிள்ளை என்ன செய்யும்?

அன்று மாலை நோர்வூட், ஹட்டன், கொட்டகலை வழியாகத் தலவாக்கலை. பிரதான வீதி, லொறிப் புகை, அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. டெவன் நீர்வீழ்ச்சி 97 மீற்றர், பாதையிலிருந்தே தெரியும். 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் வந்த பிறகு சென் கிளேயர் நீர்வீழ்ச்சி பழைய மாதிரி இல்லை. நான் இளம் வயதில் பார்த்த அகலம் இப்போது கண்ணுக்குள்தான் இருக்கிறது. தலவாக்கலை அணைக்கட்டுப் பக்கம் அந்தி வெளிச்சத்தில் அழகாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

நாலாம் நாள் நானுஓயா ஏற்றம் ஏறி நுவரெலியா. ஏற்றத்தில் பாதியைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஊர் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கிரகரி வாவி 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் வெட்டியது. அங்கே சைக்கிள் ஓட்டும் சனமும் உண்டு, வாடகைச் சைக்கிளும் உண்டு. ஆனால் தங்குவதற்குக் கேட்ட இரண்டு இடத்தில் சைக்கிளை உள்ளே விட முடியாது என்றார்கள். மூன்றாவது இடத்தில் படிக்கட்டுக்கு அடியில் இடம் கொடுத்தார்கள். இரவு கடும் குளிர். அந்த மாதங்களில் சில விடியற்காலைகளில் பனி உறைந்து தேயிலை கருகிப்போவதும் உண்டு.

ஐந்தாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உச்சம். சீதா எலிய கோயிலில் கும்பிட்டுவிட்டு ஹக்கலை தாண்டி இறங்கத் தொடங்கியதும் காற்று மாறுகிறது. ஈரம் போகிறது. தேயிலை மெல்ல மெல்லக் குறைந்து பத்தனைப் புல்லும், படிப்படியாக வெட்டிய மரக்கறித் தோட்டங்களும் வருகின்றன. மத்திய மாகாணத்தை விட்டு ஊவாவுக்குள் வந்துவிட்டோம் என்று உடம்பே சொல்கிறது. இந்த மலைத்தொடரின் மேற்குப் பக்கத்துக்கு மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. கிழக்குப் பக்கத்துக்குத் தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அதனால்தான் மேற்குப் பக்கத்துத் திம்புள்ளைத் தேயிலைக்கு நல்ல மணம் வருவது தை முதல் பங்குனி வரையிலும், ஊவாத் தேயிலைக்கு ஆடி, ஆவணி, புரட்டாசியிலும். சைக்கிளில் வருகிற ஒருவர் இரண்டு பருவத்துக்கும் நடுவில் உள்ள கோட்டை ஒரே காலையில் கடக்கலாம். வாகனத்தின் கண்ணாடியை மூடிக்கொண்டு போகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

வெலிமடை தாண்டித் தம்பி மகனின் டயர் பஞ்சர். உருளைக்கிழங்கு அள்ளிக்கொண்டிருந்த ஒரு சிங்களக் குடும்பம் எங்களைக் கூப்பிட்டு நிழலில் உட்கார வைத்தது. அந்தப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தபால் சிங்களம் தெரியும். அவரே பஞ்சர் ஒட்டினார். சாயத்தண்ணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். காசல்ரீயிலிருந்து என்றேன். தன் வாழ்நாளில் அந்தப் பக்கம் ஒரு தடவைதான் போயிருக்கிறாராம், சிறீபாத யாத்திரைக்கு, நாங்கள் சிவனொளிபாதமலை என்று சொல்லும் இடத்துக்கு. இரண்டு நாள் சைக்கிள் தூரத்தில் இருக்கும் நாங்கள் இத்தனை காலம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பொரலந்த வழியாக அப்புத்தளைக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது.

அப்புத்தளையில் மலை திடீரென்று முடிந்துவிடும். ஆறாம் நாள் தம்பேதன்னைப் பாதையில் லிப்டன் சீட் வரை ஏறினோம். வானம் தெளிவாக இருந்தது. தெற்கே கீழே சமவெளியில் உடவளவை நீர்த்தேக்கம் வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது. அப்புறம் சைக்கிள்களைப் பார்சலாகப் பதிந்து ரயிலில் ஏற்றினோம்.

ரயிலில்தான் எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. இதல்கஸ்ஹின்ன, ஓஹிய, பட்டிப்பொல என்று நிலையத்துக்கு நிலையம் மூன்று மொழியில் பெயர். பட்டிப்பொலவில் உயரமும் எழுதியிருக்கிறது, 6226 அடி. பாதை 1885இல் நானுஓயாவுக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் வந்தது. ஓஹியவுக்கும் பட்டிப்பொலவுக்கும் நடுவிலுள்ள சுரங்கத்தில் வெயிலோடு நுழைந்து மூடுபனியில் வெளியே வந்தோம். கொட்டகலை தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். ரயில்வேக் கணக்கில் அதன் பெயர் பூல்பேங்க். எங்கள் சனத்துக்கு என்றைக்கும் சிங்கமலைதான். ரயில் பாதைக்கு நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்ய முடிந்ததை ரோட்டுச் சந்திகளுக்கு ஏன் செய்ய முடியாது?

இப்போது நான் கேட்பதைச் சொல்கிறேன். புதுப் பாதை போடச் சொல்லவில்லை, பாதை எல்லாம் இருக்கிறது. ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல், பீக்கோ நடைபாதை வந்திருக்கிறது. நடப்பவருக்கு அது முடிந்ததென்றால் சைக்கிளுக்கும் முடியும். காசல்ரீ, மவுசாகலை, தலவாக்கலை, கிரகரி வாவி, அப்புத்தளை என்ற வரிசையில், பாதை பிரியும் ஒவ்வொரு சந்தியிலும் ஒரு பலகை. அதில் அந்த இடத்தில் வாழும் சனம் சொல்லும் பெயர், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். மேற்கணக்கு என்றால் மேற்கணக்கு. கோயில் திருப்பம் என்றால் கோயில் திருப்பம். ஒரு எண்ணைப் போட்டு விட்டுவிடக் கூடாது.

இதோடு சேர்ந்ததுதான் வீட்டு முகவரி. பல தோட்டங்களில் லயத்துச் சனத்துக்கு, அதாவது தோட்ட வரிசை வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு, தனி முகவரி இல்லை. கடிதமெல்லாம் தோட்டக் கந்தோருக்குக் கட்டாகப் போகும். அங்கிருந்து எப்போது காம்பராவுக்கு, அந்த லயத்து அறைக்கு, போய்ச் சேரும் என்பது யார் கையிலோ. ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. நான்தான் பையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது பதினொரு நாள் ஒரு மேசையில் கிடந்தது. பிள்ளையின் கைக்குக் கிடைத்தபோது தேர்வு முடிந்து இரண்டு நாள். அந்தப் பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க நேரா எங்க வீட்டுக்குக் கொண்டாந்திருக்கலாமே ஐயா" என்றார். கொண்டுபோக வீட்டுக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை, எனக்கு அனுமதியும் இல்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது.

சைக்கிளில் வருகிறவருக்கு இரவு ஒரு அறை வேண்டும், சூடாக ஒரு சாப்பாடு வேண்டும். போடன்சே கரையில் ஊருக்கு ஊர் குடும்பங்கள் ஒரு அறையை வாடகைக்குக் கொடுத்துச் சம்பாதிக்கின்றன. இங்கே நாங்கள் இருவரும் பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டிலும் பழைய தபால் நண்பர் வீட்டிலும் படுத்ததால் சமாளித்தோம். வேறு யாராவது வந்தால் மஸ்கெலியாவிலிருந்து தலவாக்கலை வரை லயத்துச் சனம் நடத்தும் ஒரு அறை கிடைப்பது கஷ்டம். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். முன்னைய திட்டத்தில் 7 பேர்ச் காணியோடு கட்டிய வீடுகள் சிலவற்றுக்கு நான் போயிருக்கிறேன். வீட்டுக்கு இரண்டு அறை. பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போனபின் ஒரு அறை சும்மா கிடக்கிறது. அந்த வீட்டுக்கு ஒரு இலக்கமும், பாதைக்கு ஒரு பெயரும், கையில் ஒரு காணி உறுதியும் இருந்தால் அந்த அறையை முறையாகப் பதிந்து விருந்தினரை வைக்கலாம். இல்லாவிட்டால் பாதை எங்கள் வாசலால் போகும், காசு நுவரெலியாவில் இறங்கும்.

2023இல் மலையகம் 200, அதாவது எங்கள் பாட்டன்மார் இந்தியாவிலிருந்து வந்த 200 வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களில் என் தங்கையும் ஒருத்தி. பாட்டன் நடந்த பாதையைத் தேடி நடந்தோம் என்றாள். நாங்கள் ஆறு நாளில் ஓட்டியது அந்தப் பாட்டன்மார் வந்து சேர்ந்து வாழ்ந்த இடங்களை.

கடைசியாக ஒரு விஷயம். பயணம் முழுக்கப் பலகை இல்லாத சந்திகளை ஒரு பழைய தபால் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வந்தேன். மொத்தம் 43. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அங்கே நின்ற ஆட்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரையும் எழுதியிருக்கிறேன். ஏழு இடத்தில் இரண்டு பெயர் சொன்னார்கள், இரண்டையும் எழுதினேன். பிரதேச சபையோ சுற்றுலாத் துறையோ ஒரு இளைஞர் கழகமோ, யார் கேட்டாலும் பிரதி எடுத்துத் தருவேன். சுவர் ஏறிப் பலகை அடிக்கும் வயது எனக்குத் தாண்டிவிட்டது. சந்தியைக் காட்டிக்கொண்டு கூட வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
டிக்கோயா.